மேட்டுக்குள்ளே ஒரு ரகசியம்!

மேட்டுப்பாளையம் என்றதும் உங்களுக்கு ஊட்டி மலை ரயில்தானே ஞாபகம் வருகிறது? புதுச்சேரியிலும் ஒரு மேட்டுப்பாளையம் இருக்கிறது, தெரியுமா? தொழிற்பேட்டையும், லாரிகள் வரிசையாக நிற்கும் முனையமும் உள்ள இடம் அது. மேட்டில் அமைந்த பாளையம் என்று பெயரே சொல்லிவிடுகிறது!

ஊர்ப் பெயர்கள் எல்லாமே இப்படித்தான். கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் பேச ஆரம்பித்துவிடும். உப்பளம் என்றால் உப்பு விளைந்த இடம். நெல்லித்தோப்பு என்றால் நெல்லி மரங்கள் நின்ற தோப்பு. வைத்திக்குப்பம் என்ற பெயரில் வரும் 'குப்பம்' மீனவர் குடியிருப்பைக் குறிக்கும். புதுச்சேரியே புதிய சேரி, அதாவது புதிய குடியிருப்புதான்!

இப்போது இன்னொரு 'மேடு'க்குப் போவோமா? புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கி.மீ. தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. ஆறு அரித்த மேடு என்பதால் இந்தப் பெயர் என்கிறார்கள் சிலர். அருகன் மேடு என்பதே இப்படி மாறியது என்கிறார்கள் வேறு சிலர்.

அங்கே போனால் மரங்களுக்கு நடுவே இடிந்த செங்கல் சுவர்கள் தெரியும். "ஆகா, ரோமானியர் கட்டிய சுவர்!" என்று நினைத்துவிடாதீர்கள். அது பிரெஞ்சுப் பாதிரியார்கள் நடத்திய ஒரு பள்ளியின் மிச்சம். கீழை நாடுகளைச் சேர்ந்த மாணவர்கள் பாதிரியார் ஆவதற்காக அங்கே படித்தார்கள். அவர்களுடைய பழைய பள்ளி தாக்கப்பட்டதால், 1770-களில் கடல் தாண்டி இங்கே வந்தார்கள். அவர்களை அழைத்து வந்தவர் பிக்னோ த பெஹேன் என்ற பாதிரியார். புதுச்சேரியில் இருந்த நாட்களில் அவர் வியட்நாமிய - லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார்.

அப்படியானால் ரோமானியர் கதை எங்கே? அது காலடியில், மண்ணுக்குள் இருந்தது! ஆனால் ரொம்ப நாள் யாருக்கும் அது தெரியவில்லை. லெ ஜெந்தில் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1768-ல் புதுச்சேரிக்கு வந்தார். ஊர் மக்கள் இந்தப் பக்கத்தில் பெரிய பெரிய பழைய செங்கற்களைத் தோண்டி எடுத்துப் போவதைப் பார்த்தார். அவை ஒரு ராஜாவின் பழைய கோட்டைக் கற்கள் என்று மக்கள் அவரிடம் சொன்னார்களாம்.

ரகசியம் வெளிவர உதவியவர்கள் யார் தெரியுமா? உங்களைப் போன்ற பிள்ளைகள்தான்! 1930-களில் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர், இங்கே கிடைத்த மணிகளைக் கிராமத்துச் சிறுவர்களிடம் விலைக்கு வாங்கினார். இங்கு கிடைத்த சிறிய கல் ஒன்றில் ஒரு மனித முகம் செதுக்கப்பட்டிருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று அவர் கண்டுகொண்டார்!

பிறகு 1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழாய்வு செய்தார். மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த மது ஜாடிகளின் துண்டுகளும், இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்டங்களும் கிடைத்தன. எல்லாம் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. இது ரோமானியர் உண்டாக்கிய வணிகத்தளம் என்று வீலர் நினைத்தார். ஆனால் 1989 முதல் 1992 வரை நடந்த அகழாய்வு, ரோமானியப் பொருள்கள் வருவதற்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்ததைக் காட்டியது. ஊர் நம்முடையது, சரக்குதான் அவர்களுடையது!

ஒன்று கவனித்தீர்களா? கண்ணுக்குத் தெரிந்த சுவருக்கு வயது சுமார் 250. கண்ணுக்குத் தெரியாத ஊருக்கு வயது 2,000-க்கும் மேல். எடுத்துப் போன செங்கற்கள் திரும்பி வரவே இல்லை. ஆகவே, அரிக்கமேட்டில் மழைக்குப் பிறகு மணியோ ஓட்டாஞ்சில்லோ கண்ணில் பட்டால், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு பொருள் எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைக் கணிக்கிறார்கள். இடம் மாறினால் அது வெறும் பாசிமணிதான்! அப்படியே விட்டுவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

சரி, இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவுக்கும் ஊருக்கும் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தாத்தா, ஆயாவிடம் கேளுங்கள். பள்ளமோ, தோப்போ, குளமோ இன்று இல்லாமல் போயிருக்கலாம். பெயரில் அது இன்னும் இருக்கும். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யார் கண்டது, உங்கள் ஊரின் பெயருக்குள்ளும் ஒரு ரகசியம் காத்திருக்கலாம்!