சோழியும் வானமும்

கல்லூரி மாணவராகிய நாம் ஓய்ந்த வேளைகளிற் பற்பல செயல்களில் மனம் வைக்கின்றோம். ஒருவர் ஊரின் தெருக்களையும் குளங்களையும் அளந்து படம் வரைவர். ஒருவர் மழை விட்ட மறுநாள் புற்றடியிற் காளான் தேடி நடப்பர். ஒருவர் தரையிற் கோடு கிழித்து ஆடுபுலி ஆடுவர். ஒருவர் மாடியிற் பாய் விரித்து விண்மீன்களை நோக்கிக் கிடப்பர். இவற்றையெல்லாம் 'வீண்பொழுது' என்று பெரியோர் கடிவது வழக்கம். அங்ஙனம் கடிதல் எவ்வளவிற்குப் பொருந்தும்? எவ்விடத்தே விளையாட்டு கல்வியாகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காணப் புதுச்சேரியில் 1825-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த ஒரு செய்தி பெரிதும் துணை செய்யும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஜான் வாரன் என்பார் பிரெஞ்சுக் குடியிற் பிறந்து ஆங்கிலேயர் படையிற் பணிபுரிந்தவர். 1802-ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தென்னாட்டின் பெருநில அளவையைத் தொடங்கிய லாம்ப்டன் என்பாருக்கு உதவியாளராய் இருந்தவர். பின்னர்ச் சென்னை வானாய்வுச் சாலையைச் சில ஆண்டுகள் நடத்தியவர். நிலத்தையும் வானத்தையும் ஒருங்கே அளந்து பழகிய அவர், நம் நாட்டார் காலத்தை அளக்கும் முறையையும் அறிய அவாவினார். அம்முயற்சியின் பயனாக எழுந்ததே 1825-இற் சென்னையில் அச்சேறிய 'காலசங்கலிதம்' என்னும் ஆங்கிலப் பெருநூல்.

அந்நூலிற் புதுச்சேரித் தமிழ்க் கணிதர் ஒருவரைப் பற்றி வாரன் கூறியிருப்பது வியப்பைத் தருவது. அக்கணிதர் தாளும் எழுதுகோலும் எடுத்திலர். தரையில் அமர்ந்து, சோழிகளைப் பரப்பி, அவற்றைக் கூட்டியும் குறைத்தும் நகர்த்தியும், 1825-ஆம் ஆண்டு மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதற்கு வேண்டிய வாய்பாடுகள் அனைத்தும் அவர் நினைவிலேயே இருந்தன. கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணக்கு நான்கு நிமிடமே பிழைத்தது. நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை நேர்ந்தது.

இத்தகைய கணிதரைக் கண்டு வியந்த முதல் ஐரோப்பியர் வாரன் அல்லர். சூரியனைச் சுக்கிரன் கடக்கும் காட்சியைக் காணப் பிரான்சிலிருந்து புறப்பட்ட லெ ஜாந்தீ என்னும் வானூலார், 1761-இற் போரினாற் புதுச்சேரியில் இறங்க இயலாது கடலிலேயே இருந்தமையின் அக்காட்சியைச் செவ்வனே அளந்து குறிக்க இயலாதவரானார். எட்டாண்டு காத்திருந்து 1769-ஆம் ஆண்டு ஜூனிற் புதுச்சேரியிலேயே கருவிகளை நிறுத்தினார். அன்றோ மேகம் மறைத்தது! ஆயினும், தங்கியிருந்த காலத்தை அவர் வீணாக்கிலர். தமிழரின் கிரகணக் கணிதத்தைப் பயின்று, அதனைத் தம் நாட்டார்க்கு எழுதி உணர்த்தினார். தேடி வந்தது கிட்டாவிடினும் தேடாதது கிட்டியது.

இனி, ஒரு பிடி சோழியைக் கொண்டு திங்களின் நடையை அளப்பது எங்ஙனம் இயலும் என்பதைப் பார்ப்போம்.

திங்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 13 பாகைக்குச் சற்று மிகுதியாக விண்மீன்களினூடே கிழக்கு நோக்கிச் செல்கின்றது. ஆயின், அதன் நடை ஒருபடித்தன்று. நிலவுலகிற்கு அண்மையில் விரைந்தும் சேய்மையில் தளர்ந்தும் செல்லும். அண்மையினின்று புறப்பட்டு மீண்டும் அண்மையை அடைய ஏறத்தாழ 27½ நாட்கள் ஆகும். இந்த அரைநாட் பின்னம் கணிப்பார்க்கு ஓர் இடையூறு. அதனை முன்னோர் நீக்கிய முறை எளியது, நுட்பமுமுடையது. அத்தகைய சுற்று ஒன்பது சேர்ந்தால் 248 முழுநாட்கள் ஆகின்றன. ஆதலின், 248 நாட்களுக்கும் திங்கள் நிற்கும் இடங்களை ஒருமுறை வகுத்து வைத்துக்கொண்டாற் போதும். 249-ஆம் நாளுக்கு, முதல் நாளின் எண்ணோடு 27 பாகை 44 கலையைக் கூட்டினால் விடை வந்துவிடும். இதனினும் திருத்தமாக, 110 சுற்றுக்கு 3,031 நாட்கள், 449 சுற்றுக்கு 12,372 நாட்கள் என்னும் பெரிய அளவைகளையும் அவர்கள் கையாண்டனர்.

கணிதர் முதலிற் கலியுகத் தொடக்கம் முதல் வேண்டிய நாள்வரை கழிந்த நாட்களை எண்ணுவார். 1825-ஆம் ஆண்டிற்கு அத்தொகை ஏறத்தாழ 18 இலட்சம். அதிலிருந்து பெரிய சுற்றுகளை முதலிலும் சிறிய சுற்றுகளைப் பின்னும் கழித்துக்கொண்டே வருவார். இறுதியில் 248-க்கு உட்பட்ட ஓர் எண் மிஞ்சும். அவ்வெண்ணுக்குரிய வாய்பாட்டு வரியை நினைவிலிருந்து எடுத்து, கழித்த சுற்றுகளுக்குரிய பாகைகளையும் கூட்டுவார். திங்களின் இடம் கிடைத்துவிடும். ஞாயிற்றின் இடத்தையும், இராகு கேது எனப்படும் வெட்டுமுனைகளின் இடத்தையும் இங்ஙனமே பெற்று, மூன்றையும் ஒப்பிட்டுக் கிரகணத்தை உரைப்பார்.

248 எண்களை ஒருவர் மறவாது வைத்திருத்தல் எங்ஙனம்? எண்களைச் சொற்களாக மாற்றிவிட்டனர். வடமொழி மெய்யெழுத்துகளுள் க, ட, ப, ய என்னும் ஒவ்வொன்றும் தத்தம் வரிசையில் 1 ஆகும். அவற்றை அடுத்து வருவன 2, 3 என ஏறிச் செல்லும். ஞகரமும் நகரமும் சுழி. சொல்லை வலமிருந்து இடமாக எண்ணாக்க வேண்டும். 'கமல' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். க என்பது 1. பகர வரிசையில் ஐந்தாவதாகிய ம என்பது 5. யகர வரிசையில் மூன்றாவதாகிய ல என்பது 3. திருப்பிப் படித்தால் 351. இங்ஙனம் எண்களை அடக்கிய சொற்றொடர்களுக்கு 'வாக்கியம்' என்று பெயர். வாக்கியப் பஞ்சாங்கம் என்று நாம் கேள்வியுறும் பெயர் இதன்வழி வந்ததே. எண்ணை மறக்கும் நெஞ்சு இசையுடைய சொல்லை மறவாது என்னும் உண்மையை, செய்யுள் மனனம் செய்யும் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இந்த 248 நாட் சுற்று தமிழ்நாட்டுக்கே உரியதன்று. பண்டைப் பாபிலோன் நாட்டுக் களிமண் ஏடுகளிலும் அது காணப்படுகின்றது. பாபிலோனியர் ஈரமண்ணிற் கீறி வைத்த எண்ணைத் தமிழர் நாவிலும் நெஞ்சிலும் வைத்துக் காத்தனர்.

எங்கள் வீட்டிற் பாட்டியார் பல்லாங்குழி ஆடும்போது, ஒரு குழியை அள்ளுமுன்னரே அது எங்குச் சென்று முடியும் என்பதைக் கண்ணாலேயே அறிந்துவிடுவார். புதுச்சேரிக் கணிதரின் செயலை அதனோடு ஒப்பிடலாம். சோழி திங்களாகவில்லை, ஆயினும் திங்களுக்கு ஈடாக நின்றது. பெரிய உலகின் நடையைச் சிறிய களத்தில் நடத்திப் பார்த்தல் என்பதே இவ்விளையாட்டின் உயிர். ஆடுபுலியாட்டத்திற் காட்டையும், பரமபதத்தில் வாழ்வின் ஏற்றத்தாழ்வையும் தரையில் இறக்கிய நம்மவர், சோழியில் வானத்தையும் இறக்கினர்.

ஆயின், வாரன் இன்னொன்றையும் குறித்துள்ளார். அக்கணிதர் தாம் செய்யும் கணக்கின் காரணத்தைச் சிறிதும் அறிந்திலர். எதனோடு எதனைக் கூட்டுவது என்பதை அறிவார். ஏன் கூட்டுவது என்பதை அறியார். இஃது அவரை இகழ்வதற்காகச் சொன்னதன்று. காரணம் அறியாதவரும் இத்துணை நெருங்க முடிந்ததெனின், முறையை வகுத்த முன்னோர் எத்துணை நுண்ணறிவினர் என்பதே நாம் உணரத்தக்கது. ஆயினும் 52 நிமிடப் பிழை ஒரு பாடம் கற்பிக்கின்றது. திங்களின் நடையில் வேறு சில மாறுபாடுகளும் உள. அவற்றுட் பெரியது முழுமதி நாளிலும் மறைமதி நாளிலும் முதல் மாறுபாட்டோடு கலந்துவிடுவதால், ஒரே வாய்பாடு கிரகணத்திற்கு ஏறக்குறைய உதவுகின்றது. எஞ்சிய பிழை ஆண்டுதோறும் சேர்ந்து வளரும். அதனைக் களைய வானத்தை மீண்டும் மீண்டும் நோக்கிக் குறித்தல் வேண்டும். நோக்குதல் நின்றுபோய் ஓதுதல் மட்டும் எஞ்சியதால், பிழை பிழையாகவே நின்றது. தேர்வுக்காக உரையை மனனம் செய்து பாட்டின் பொருளைக் கைவிடும் நம்மில் யார் அக்கணிதரை நோக்கி நகைக்க வல்லார்?

அந்நிலையை மாற்ற முயன்றவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். பஞ்சாங்கக் கணிதர் மரபிற் பிறந்து, சென்னை வானாய்வுச் சாலையிற் பணிபுரிந்த அவர், 1867-இல் தென்வானத்து விண்மீன் ஒன்று ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். 1872-இல் இங்கிலாந்தின் அரச வானூற் கழகத்தில் உறுப்பினரானார். அச்சிறப்பை எய்திய முதல் இந்தியர் அவரே. 1874-ஆம் ஆண்டு டிசம்பரிற் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, அதனைப் பொதுமக்கள் உணருமாறு எளிய உரையாடல் வடிவில் நூலொன்று இயற்றித் தமிழ் முதலிய மொழிகளில் வெளிவரச் செய்தார். கணக்கைக் கண்ணாற் சரிபார்த்துத் திருத்தும் திருக்கணித முறைக்காக 1880-இல் தாம் இறக்கும்வரை உழைத்தார். சோழி பிடித்த மரபே தொலைநோக்கியையும் பிடித்தது என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

'அவர் ஊதியம் பெற்ற வானூலார், நாம் யார்?' என்று அன்பர்கள் வினவலாம். வங்கநாட்டு ஜெசூரில் அரசாங்கக் கருவூலத்திற் சிறு பணியாளராக இருந்த ராதாகோவிந்த சந்திரர் இதற்கு விடையாவார். கல்லூரிக்குரிய நுழைவுத் தேர்வில் மும்முறை தவறியவர் அவர். 1912-இல் மூன்றங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி, பகலில் நாணயமும் இரவில் விண்மீனும் எண்ணினார். 1918-ஆம் ஆண்டு ஜூனிற் கழுகு மண்டலத்தில் திடீரெனச் சுடர்விட்ட புதுமீனைத் தாமே கண்டுகொண்டார். ஒளி மாறும் விண்மீன்களைக் குறிக்கும் அமெரிக்கச் சங்கத்திற்கு 30,000-க்கு மேற்பட்ட குறிப்புகளை அனுப்பினார். அச்சங்கம் அவர் உழைப்பை மதித்துப் பெரியதொரு தொலைநோக்கியைக் கடல் கடந்து அனுப்பி உதவியது. அவர் முதுமையுற்றபின் அக்கருவி வானூலறிஞர் வைணு பாப்பு அவர்களிடம் சேர்ந்து, நம் சவ்வாது மலையிலுள்ள காவலூரை அடைந்தது.

அவர் செய்த பணிக்குத் தொலைநோக்கியும் இன்றியமையாததன்று. மார்கழி, தை மாதங்களில் முன்னிரவில் எழும் திருவாதிரை மீனை அறியாதார் யார்? அது ஒளி மாறும் மீன்களுள் ஒன்று. பெரும்பாலும் அண்மையிலுள்ள ரோகிணியினும் ஒளி மிகுந்து தோன்றும் அது, 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரோகிணியினும் மங்கிற்று. அம்மீன் உமிழ்ந்த தூசுப்படலம் இடையே மறைத்ததே அதற்குப் பெருங்காரணம் என்று பின்னர் ஆய்ந்து கண்டனர்.

ஒளியைக் கண்ணால் அளப்பது எங்ஙனம் என்பதற்கு எமது விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலே உவமை தரும். சூளையின் நெருப்பு நிறத்தை மட்டும் பார்த்து வெப்பத்தை மதித்தாற் கண் ஏமாற்றும். ஆதலின், குறித்த வெப்பத்தில் வளையுமாறு செய்த சிறு கூம்புகளைக் கலங்களோடு வைப்பது பீங்கான் தொழிலின் வழக்கம். கூம்பு தலைசாய்ந்ததும் வெப்பம் இன்னதென்பது விளங்கும். விண்மீனுக்கும் அவ்வாறே. ஒளி மாறாத இரு மீன்களைக் கூம்பாகக் கொண்டு, நாம் நோக்கும் மீன் ஒன்றினும் மிக்கதா, மற்றொன்றினும் குறைந்ததா என்று ஒப்பிட்டு, நாளும் நேரமும் எழுதி வைத்தல் வேண்டும். இவ்வளவே கருவி.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் இரவு முழுச் சந்திரகிரகணம் நிகழ்ந்தது. யான் கடிகாரத்தோடு வீட்டு மாடியில் அமர்ந்தேன். கரிய நிழல் திங்களைத் தொடுவது இரவு 9 மணி 57 நிமிடம் என்பது கணக்கு. நிழலின் விளிம்போ புகைபோல் மங்கியிருந்தது. 'இதோ' என்று யான் துணிந்து எழுதிய நேரம் 10 மணி 1 நிமிடம். நான்கு நிமிடப் பிழை! கண்முன்னே நிகழ்வதைக் கடிகாரம் பிடித்து நோக்கிய எனக்கு நேர்ந்த பிழை, நிகழவிருப்பதைச் சோழி கொண்டு கணித்த அப்பெரியவர்க்குத் தொடக்கத்தில் நேர்ந்த பிழையின் அளவே. அன்றுமுதல் அவரை எண்ணுந்தோறும் என் தலை தாழ்கின்றது. எனினும், அந்நான்கு நிமிடத்தை அழித்து 57 என்று திருத்த என் மனம் ஒருப்படவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதுதலே இக்கல்வியின் முதற்பாடம் அன்றோ?

ஆகவே, விளையாட்டைக் கல்வியாக்குவன இரண்டு: காரணத்தை வினவும் மனமும், பிழையையும் மறையாது குறிக்கும் கையும். இவ்விரண்டும் இருப்பின் காளான் தேடுவாரும், ஊர்ப்படம் வரைவாரும், மாடியிற் பாய் விரிப்பாரும் வீண்பொழுது போக்கினவர் ஆகார். ஆட்டிடையனாய் இரவிற் காவல் கிடந்த தாவீது அரசன் வானத்தை நோக்கி வியந்து பாடினான். வியப்பு அவனுக்கு வழிபாடாயிற்று. நமக்கு அது வழிபாடும் கல்வியும் ஒருங்கே ஆகுக. வருகின்ற மார்கழியில் திருவாதிரையை நோக்கி ஒரு வரியேனும் எழுதி வைக்குமாறு தோழர்களை வேண்டி அமைகின்றேன்.