ஒரு மணித்தியாலத்தில் இரத்தம் என்ன சொல்லும்?

ஒடியற்கூழுக்கு மாவை ஊறவிட்டால் மா மெல்ல அடியில் படியும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். ஈ.எஸ்.ஆர். பரிசோதனையும் அவ்வளவுதான். உறையாமல் மருந்து கலந்த இரத்தத்தை மெல்லிய குழாயில் நிமிர்த்தி வைத்து, ஒரு மணித்தியாலத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீற்றர் இறங்கின என்று பார்ப்பார்கள்.

சிவப்பணுக்களுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு, ஒன்றையொன்று தள்ளும். எங்காவது அழற்சி வந்தால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடி அந்தத் தள்ளலைக் குறைக்கும். அணுக்கள் சில்லறைக் காசு போல அடுக்காகி, பாரம் கூடி, விரைவாக இறங்கும். வயது, கர்ப்பம், இரத்தச்சோகையும் இந்த வேகத்தைக் கூட்டும் என்பதுதான் தொல்லை.

அழற்சியைக் காட்டும் இன்னொரு பரிசோதனையான சி.ஆர்.பி. இன்னும் சுறுசுறுப்பு. 1930இல் நியூமோனியா நோயாளரிடம் கண்டறிந்த புரதம் இது. அழற்சி தொடங்கிச் சில மணித்தியாலங்களில் ஈரல் இதைச் சுரக்கும். இரண்டு நாளில் உச்சம். காரணம் நீங்கினால் ஏறத்தாழ 19 மணித்தியாலத்தில் பாதியாகும். அதனால் ஒரு றிப்போட்டைவிட அடுத்தடுத்த இரண்டு றிப்போட் கூடச் சொல்லும். அலகையும் பாருங்கள்: டெசிலிற்றருக்கு 6 மில்லிகிராம் என்றால் லிற்றருக்கு 60!

ஆனால் இவை இரண்டும் அழற்சியைத்தான் காட்டும், எந்தக் கிருமி என்று சொல்லா. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பக்கம் பரவிய காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று காட்டியது கிருமியைக் குறிவைத்த பரிசோதனைகள்தான். எலிக்காய்ச்சலிலும் நெருப்புக்காய்ச்சலிலும் சி.ஆர்.பி. ஏறும், டெங்கில் பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. அந்தப் 'பெரும்பாலும்' போதாது என்பதால்தான் மாரிக்காய்ச்சலுக்கு டொக்டர் ஃபுல் பிளட் கவுண்டையும் சேர்த்து எழுதுகிறார்.