முட்டை நின்றால் முதலில் கூண்டைப் பாருங்கள்

"ஏங்க்கா, சித்திரை பொறந்ததுல இருந்து ஒரு முட்டைகூட வெக்க மாட்டீங்குது. ஏதாச்சும் மருந்து சொல்லுங்க." கோழி வளர்க்கும் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "ராத்திரி கூண்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தியா கண்ணு?"

கோடைதோறும் வானிலைச் செய்தியில் 'கரூர் பரமத்தி' என்று ஒரு பெயர் வருமே, அந்த வட்டாரத்தில்தான் எங்கள் தோட்டம். வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கோழிக்காசு என்பது யாரிடமும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத கைக்காசு. நாட்டுக்கோழி ஆண்டுக்கு வைப்பதே 60 முதல் 80 முட்டைதான். அதிலும் இரண்டு மாதம் குறைந்தால் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவில் கை வைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். முட்டை நிற்கப் பெரும்பாலும் காரணம் மூன்று: வெயில், செல்லுப் பூச்சியும் புழுவும், இறகு உதிர்வு. எதனால் நின்றது என்று தெரியாமல் மருந்துக் கடைக்கு ஓடுவது வீண் செலவு.

வெயில்

கோழிக்கு வியர்க்காது. அதன் உடல் வெப்பமே 41, 42 டிகிரி. கொண்டை, தாடி, கால் ஆகியவற்றின் வழியாகக் கொஞ்சம் சூடு வெளியேறும். மீதியை மூச்சு வாங்கித்தான் தணித்துக்கொள்ள வேண்டும். சிறகை உடம்பிலிருந்து விலக்கி, வாயைத் திறந்து, தொண்டை துடிக்க நின்றால் அது கஷ்டப்படுகிறது என்று பொருள்.

அப்படி மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓட்டைக் கட்டுவதற்கு அந்த வாயுவும் சுண்ணாம்பும் சேர்ந்தாக வேண்டும். கத்திரியில் ஓடு மெலிந்து, தொட்டாலே நொறுங்கும் முட்டை வருவது இதனால்தான். கிளிஞ்சல் தூள் கொடுப்பது நல்லதுதான். ஆனால் நிழல் கொடுக்காமல் அதை மட்டும் கொடுத்தால் போதாது.

தீனியை விடிந்ததும் ஒரு வேளை, வெயில் சாய்ந்தபின் ஒரு வேளை என்று மாற்றுங்கள். தின்றது செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும். பதினோரு மணிக்குத் தின்ற கம்பின் சூடு, உச்சிவெயில் சூட்டோடு சேர்ந்துகொள்ளும். தண்ணீரை மண்சட்டிகளில் ஊற்றி, மர நிழலில் நாலைந்து இடங்களில் வையுங்கள். ஒரே சட்டி இருந்தால் வலுத்த கோழி குடிக்கும், இளைத்தது ஒதுங்கி நிற்கும். தகரக் கூரையாக இருந்தால் மேலே தென்னங்கீற்றைப் பரப்பி மதியம் நனைத்துவிடுங்கள். சுருண்டு விழுந்த கோழியை நிழலுக்குக் கொண்டுபோய்க் காலையும் கொண்டையையும் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க விடுங்கள்.

கழுத்தில் இறகில்லாத கோழியை அழகில்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். வெயில் காட்டுக்கு அதுவே ஏற்ற கோழி. உடம்பிலும் இறகு குறைவாக இருப்பதால் சூடு சுலபமாக வெளியேறும்.

செல்லும் உண்ணியும்

பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்க்கா" என்பார்கள். பேனாக இருந்தால் பகலிலேயே தெரியும். அது பிறப்பது, சாவது எல்லாம் கோழியின் மேல்தான். ஆசனவாயைச் சுற்றி இறகின் அடியில் ஈர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். ரத்தம் குடிக்கும் சிவப்புச் செல்லு அப்படியில்லை. பகலெல்லாம் கூண்டுப் பலகையின் இடுக்கிலும் கோழி அடையும் கழியின் அடியிலும் பதுங்கிக் கிடக்கும். இருட்டியபின் ஏறிக் குடித்துவிட்டு விடியுமுன் இறங்கிவிடும். இரவில் கழியின் அடியில் வெள்ளைத் துணியைத் தேய்த்துப் பாருங்கள். ரத்தக் கறை பட்டால் செல்லு இருக்கிறது. கோழி மாலையில் கூண்டுக்குள் போக மறுத்து மரத்தில் ஏறினாலும் அதே சந்தேகம் வர வேண்டும்.

உண்ணியும் மண்சுவர் வெடிப்பில் ஒளிந்திருந்து இரவில்தான் வரும். ரத்தம் குடிப்பதோடு நிற்காமல் காய்ச்சலையும் பரப்பும். செல்லு மாதக்கணக்கில் பட்டினி கிடந்து பிழைக்கும். உண்ணியோ ஆண்டுக்கணக்கில்கூடக் கிடக்கும். ஆகவே கோழியின் மேல் மட்டும் மருந்தைத் தூவிப் பயனில்லை. கோழிகளை வெளியேற்றிவிட்டுக் கூண்டைப் பிரியுங்கள். எச்சத்தைச் சுரண்டி எடுத்து, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவிட்டு, வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் பாருங்கள். முதல் தடவை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும்.

அடைக்கோழிதான் அதிகம் பாதிக்கப்படுவது. மூன்று வாரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் செல்லுக்கு நல்ல வேட்டை. இடிக்குப் பயந்து கூடையில் இரும்பும் கரியும் வைக்கும் நாம், போன வருஷத்து மணலையே மறுபடி பரப்புகிறோம். புது மணல் போட்டு, காய்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் வையுங்கள். மற்றக் கோழிகளுக்கு மழை படாத மூலையில் செம்மண், மணல், அடுப்புச் சாம்பல் கலந்து ஒரு குழி இருந்தால் போதும், தானே புரண்டு குளித்துக்கொள்ளும். காலில் செதில் தூக்கிக் கரடுதட்டி இருந்தால் அதுவும் ஒரு வகைச் செல்லுதான். சோப்புத் தண்ணீரில் கழுவி, செதில் படியும்வரை வேப்பெண்ணெய் தடவி வாருங்கள்.

வயிற்றுப் புழு

நன்றாகத் தின்றும் நெஞ்செலும்பு கூராகத் துருத்தி, கொண்டை வெளுத்திருந்தால் வயிற்றில் புழு இருக்கலாம். உருண்டைப் புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழும். இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்து, தீனியோடு திரும்ப உள்ளே போகும். நாடாப்புழுவோ எறும்பு, வண்டு, ஈ ஆகியவற்றைத் தின்பதால் வருகிறது. தானியத்தை எச்சம் கிடக்கும் தரையில் இறைக்காமல் தட்டில் வைத்தாலே பாதித் தொல்லை குறையும். இரண்டு புழுவுக்கும் மருந்து வேறு வேறு. கால்நடை மருந்தகத்தில் எச்சத்தைக் காட்டிக் கேளுங்கள். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புழுநீக்கத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு உண்டு. பிப்ரவரியை ஒட்டி அரசு கால்நடைத் துறை வெள்ளைக்கழிச்சலுக்கு ஊர் ஊராக இலவசத் தடுப்பூசி போடுகிறது. 1927இல் இமயமலைப் பக்கத்து ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டு அந்த ஊர்ப் பெயரையே பெற்ற நோய் இது. கோடையில் வந்தால் கூண்டையே காலி செய்துவிடும். ஊசிக்கு ஒரு வாரம் முன்பே புழுநீக்கம் முடிந்திருக்க வேண்டும். புழு தின்ற உடம்பில் ஊசி சரியாகப் பிடிக்காது.

இறகு உதிர்வு

ஐப்பசி வாக்கில் ஒரு காலையில் கூண்டெல்லாம் இறகாகக் கிடக்கும். சீக்கு வந்துவிட்டது என்று பயந்து அந்தக் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோய் வந்த விலைக்கு விற்கிறார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. அறுப்பு முடிந்த காட்டை ஆறப்போடுவது மாதிரி, முட்டை வைத்து ஓய்ந்த உடம்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. தலை, கழுத்தில் தொடங்கி, நெஞ்சு, முதுகு, சிறகு, வால் என்று வரிசையாக உதிரும். இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கும். உதிர்ந்த இடத்தில் புதுக் குருத்து முளைத்திருக்கும். தீனி எடுப்பது பெரிதாகக் குறையாது. முதுகில் மட்டும் இறகு ஒடிந்திருந்தால் சேவல் மிதித்தது. ஆசனவாயைச் சுற்றி மட்டும் கலைந்திருந்தால் பேனைத் தேடுங்கள்.

புது இறகு முளைத்து முடிய இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். இறகில் 85 சதவீதம் புரதம். வெறும் நொய்யும் தவிடும் போட்டால் இழுத்துக்கொண்டே போகும். எள்ளுப் புண்ணாக்கு, உப்பில்லாத கருவாட்டுத் தூள், முருங்கைக்கீரை கொடுங்கள். காசில்லாத புரதமும் இருக்கிறது. பழைய பானையில் ஈர வைக்கோலும் காய்ந்த சாணமும் திணித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், விடியும்போது கரையான் ஏறியிருக்கும். அதைக் கோழிகள் நடுவே கொட்டிவிடுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: இந்த நாட்களில் கோழியைப் பிடித்துத் தூக்காதீர்கள். குருத்துக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். பட்டால் வலிக்கும், ஒடிந்தால் ரத்தம் வரும்.

வெயிலுக்கு நிழல், செல்லுக்குச் சுண்ணாம்பு, உதிர்வுக்குத் தீனியும் பொறுமையும். மூன்றுக்கும் மருந்து வேறு. கோழியால் வாய்விட்டுச் சொல்ல முடியாது, நாம்தான் பார்க்க வேண்டும். வாரம் ஒரு இரவு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். கழியின் அடியைத் தேய்த்துப் பாருங்கள், சிறகைத் தூக்கிப் பாருங்கள், நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இறகு உதிர்க்கும் கோழியை மட்டும் கையால் தொடாமல் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். பார்த்தபின் மருந்துக்குப் போங்கள். இறகு உதிர்க்கும் கோழியைத் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். தையில் அது மறுபடி முட்டை வைக்கும்.