முசுறும் அதன் ஆபிரிக்க உறவும்

மாங்காய் பறிக்க மரமேறிய பிள்ளைக்கு முசுறை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எழுவான்கரை வளவுகளில் மாவிலும் பூவரசிலும் மரமுந்திரிகையிலும் அது கூடு கட்டும். வாவிக்கரைக் கண்டல் மரங்களிலும் கட்டும். இலைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்த அந்தக் கூட்டில் கை பட்டுவிட்டால், செம்பழுப்பு எறும்புகள் திபுதிபுவென்று வெளியே வந்துவிடும். முசுறுக்குக் கொடுக்கு இல்லை. முதலில் தாடையால் கடிக்கும். பிறகு வயிற்றை முன்னால் வளைத்து, கடித்த இடத்திலேயே போமிக் அமிலத்தைப் பீச்சும். அந்த எரிவு அமிலத்தின் வேலை.

இதே போன்ற எறும்பு ஆபிரிக்காவிலும் உண்டு. கென்யா, தன்சானியா, கானா என்று வெப்பமான நாடுகளின் மரங்களில் அதுவும் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுகிறது, அதுவும் கடித்து அமிலம் பீச்சுகிறது. நமது முசுறையும் அதையும் இரண்டு போத்தல்களில் அடைத்து உங்கள் முன்னால் வைத்தால், எது எதுவென்று சொல்வது மிகக் கடினம். ஆனால் அறிவியலாளர்கள் அவற்றை இரண்டு வெவ்வேறு இனங்கள் என்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் வடபகுதியில் பச்சை வயிறு கொண்ட ஒரு மர எறும்பு இருக்கிறது. பார்த்தால் முசுறுக்குச் சொந்தம் என்றே தோன்றாது. அதுவோ நமது முசுறின் அதே இனம்!

நிறத்தை நம்பினால் இப்படித்தான் ஏமாந்துபோவோம். ஆபிரிக்க எறும்பிலேயே மஞ்சள் கலந்த பழுப்பும் உண்டு, கருமையும் உண்டு. ஆகவே எறும்பை வகைப்படுத்துபவர்கள் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். முதலில் பார்ப்பது இடுப்பை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே எறும்புக்குச் சிறு கணு இருக்கும். சில எறும்புகளுக்கு இரண்டு கணு, சிலவற்றுக்கு ஒன்று. முசுறுக்கு ஒன்றுதான். அந்த ஒற்றைக் கணு, கொடுக்கு இல்லாமை, வயிற்றின் நுனியில் அமிலம் வெளியேறும் சிறு துளை, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எறும்புகளின் எந்தப் பெரிய பிரிவில் முசுறு அடங்கும் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது சாதி. நீண்ட கால்கள், 12 துண்டுகள் கொண்ட நீண்ட உணர்கொம்பு, உயரமில்லாமல் நீண்டு கிடக்கும் இடுப்புக் கணு, கோபம் வந்தால் முதுகுக்கு மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய வயிறு. வேலைக்கார எறும்புகளும் இரண்டு அளவில் இருக்கும். பெரியவை இரை தேடும், காவலும் காக்கும். அவற்றில் பாதியளவே உள்ள சிறியவை கூட்டுக்குள்ளே குடம்பிகளைப் பராமரிக்கும். இந்த அடையாளங்கள் கொண்ட எறும்புகளுக்கு 1860இல் பிரெடரிக் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஈகோஃபில்லா என்று சாதிப்பெயர் வைத்தார்.

இந்தச் சாதியின் பெரிய அதிசயம் அதன் தையல். பெரிய எறும்புகள் வரிசையாய் நின்று, ஓர் இலையின் விளிம்பைத் தாடையால் பிடித்து, மற்ற இலையின் விளிம்பைக் காலால் பற்றி இழுக்கும். இடைவெளி அகலமாக இருந்தால் ஒன்றின் இடுப்பை மற்றொன்று கவ்வ, எறும்புகளே சங்கிலியாகிவிடும். விளிம்புகள் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் கூட்டுக்குள்ளிருந்து குடம்பிகளைத் தூக்கி வரும். குடம்பியின் வாயருகே பட்டு நூல் சுரக்கும். குடம்பியை வாயில் கவ்விய எறும்பு, மருதமுனைத் தறியில் நாடா ஓடுவதைப்போல, இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்குமாய்க் கொண்டுபோய்க் கொண்டுவரும். சாதாரணமாக எறும்புக் குடம்பிகள் பலவும் இந்தப் பட்டைக் கொண்டு தம்மைச் சுற்றிக் கூடு பின்னிக்கொள்ளும். முசுறுக் குடம்பியோ அதை முழுவதும் வீட்டுக்கே கொடுத்துவிட்டு, உறையில்லாமலே கூட்டுப்புழுவாகிறது.

வளர்ந்த எறும்பு பட்டு சுரக்காது என்பது தெரிந்தும், இந்த நூல் எங்கிருந்து வருகிறது என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது. அந்தப் புதிரை விடுவித்ததில் நமது நாட்டுக்கும் பங்குண்டு. இலங்கையில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஏர்னஸ்ட் கிரீன், எறும்புகள் குடம்பிகளைத் தூக்கிக்கொண்டு இலையைத் தைப்பதை 1890களில் பார்த்து எழுதினார். 1905இல் பிரான்ஸ் டொஃப்லைன் என்ற ஜேர்மன் விலங்கியலாளர் இலங்கை முசுறுகளை இன்னும் நுணுக்கமாகக் கவனித்துக் கட்டுரை வெளியிட்டார். அவர் செய்தது எளிய வேலை. கூட்டை ஓரிடத்தில் கிழித்துவிட்டு, எறும்புகள் அதை எப்படிச் சரிசெய்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

இனி, இரண்டு இனம் எப்படி வந்தது? நமது முசுறுக்கு 1775இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ் பெயரிட்டார். இன்று அதன் முழுப்பெயர் ஈகோஃபில்லா ஸ்மரக்டினா. ஆபிரிக்க எறும்புக்கு 1802இல் பெயர் கொடுத்தவர் பிரான்சைச் சேர்ந்த லத்ரேய். அது ஈகோஃபில்லா லோஞ்சினோடா. லத்ரேய் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சிறையில் கிடந்தவர். சிறையறையில் ஓர் அரிய வண்டைக் கண்டு அடையாளம் சொன்னதுதான் அவருடைய விடுதலைக்கே வழிதிறந்தது!

இடுப்புக் கணுவின் வடிவம், ஆண் எறும்பின் உடலமைப்பு போன்ற நுண்ணோக்கி வேறுபாடுகளை வைத்துத்தான் முன்பு இந்த இரண்டையும் பிரித்தார்கள். இப்போது டிஎன்ஏவும் சாட்சி சொல்கிறது. இரண்டும் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. ஆபிரிக்க இனம் சகாராவுக்குத் தெற்கே வாழ்கிறது. நமது இனம் இந்தியா, இலங்கை தொடங்கிக் கிழக்கே அவுஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. நடுவே கிடக்கும் வறண்ட நிலங்களில் இரண்டும் இல்லை. அதே டிஎன்ஏ இன்னொன்றையும் காட்டியது. நமது இனத்துக்குள்ளேயே ஏழு குழுக்கள் இருக்கின்றன. இந்தியாவின் பெரும்பகுதி ஒன்று, அவுஸ்திரேலியா இருக்கும் குழு வேறு. நாளைக்கு யாராவது ஆராய்ந்து இவற்றில் சிலவற்றைத் தனி இனம் என்று பிரிக்கவும் கூடும். வகைப்பாடு முடிந்துபோன பாடமல்ல, பிள்ளைகளே. அதில் உங்களுக்கும் இடம் இருக்கிறது.

இந்தச் சாதி மிகப் பழையது. விக்டோரியா ஏரியிலுள்ள கென்யாவின் ம்ஃபங்கானோ தீவில் ஒரு முழுக் கூட்டத்தின் புதைபடிவமே கிடைத்தது. அதில் 300க்கும் மேற்பட்ட எறும்புகள், குடம்பிகளும் உட்பட. அதை ஆராய்ந்த வில்சனும் டெய்லரும் 1964இல் அறிவித்த செய்தி எனக்கு மிகவும் பிடித்தது: வேலைக்கார எறும்புகள் அன்றும் பெரியது, சிறியது என இரண்டு அளவிலேயே இருந்தன. ஐரோப்பாவின் பால்டிக் கடற்கரையில் கிடைக்கும் அம்பர்ப் பிசினுக்குள்ளும் இந்தச் சாதி எறும்புகள் அகப்பட்டிருக்கின்றன. குளிர்ப் பிரதேசமான அங்கே இன்று ஒன்றுகூட இல்லை.

உயிருள்ள ஆபிரிக்க எறும்பைக் கென்யாவில் ஆராய்ந்த ஹோல்டோப்ளரும் வில்சனும் 1977இல் மற்றொரு விடயத்தைச் சொன்னார்கள். ஒவ்வொரு கூட்டமும் தனது மரங்களில் கழிவுத் துளிகளால் மணக்குறி வைக்கிறது. அந்நியக் குறி பட்ட இடத்தில் எறும்பு உடனே எச்சரிக்கையாகிவிடுகிறது. ஒரு கூட்டம் என்பது ஒரு கூடு அல்ல. பல மரங்களில் நூற்றுக்கு மேற்பட்ட கூடுகளாகப் பரவி, ஒரே ராணியின் கீழ் இலட்சக்கணக்கில் இருக்கக்கூடும். எல்லையோரக் கூடுகளில் முதிய வேலைக்கார எறும்புகள் காவலிருக்கின்றன. தன்சானியாவில் தென்னையையும் மரமுந்திரிகையையும் தாக்கும் பூச்சிகளை இந்த எறும்பு பிடித்துத் தின்பதால் விவசாயிகளுக்கு அது வேண்டிய துணை.

நீங்களும் அடையாளம் காண முயலுங்கள். கூட்டைத் தொட வேண்டாம். மரத்தண்டில் ஊர்ந்துபோகும் ஓர் எறும்பைக் கைபேசியில் பக்கவாட்டாகப் படம் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் இடுப்பின் வடிவம் தெரியாது. எறும்பு ஆய்வாளர்கள் முகம், பக்கம், முதுகு என மூன்று கோணங்களில் எடுப்பது அதற்காகவே. மரத்தின் பெயர், ஊர், திகதி மூன்றையும் குறித்து வையுங்கள். இலங்கை எறும்புகளைப் பற்றிப் பேராசிரியர் ஸ்ரீயானி டயஸ் எழுதிய நூலை உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தத் தீவில் 200க்கும் அதிகமான எறும்பு இனங்கள் இருப்பது தெரியவரும்.

படத்தில் கால்களைக் கட்டாயம் எண்ணுங்கள். முசுறு நடமாடும் மரங்களிலேயே, அதே நிறத்தில், அதே நீண்ட இடுப்புடன் ஒரு குதிக்கும் சிலந்தி திரிகிறது. மிர்மப்லாட்டா என்பது அதன் சாதிப்பெயர். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோல உயர்த்தி ஆட்டியபடி ஆறு காலில் நடப்பதாகக் காட்டிக்கொள்ளும். முசுறுக்குப் பயந்த பறவையும் பல்லியும் இதையும் விட்டுவிடும். ஆண் சிலந்தியின் தாடை முன்னால் நீண்டிருப்பதால், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப்போவதாகவே தோன்றும். விரலை அருகே கொண்டுபோனால் அது கடிக்க வராது. நூலைவிட்டுத் தொங்கிக் கீழே இறங்கிவிடும்.