கைதூக்கும் அரசும் கைப்பொருள் தரும் மக்களும்

உறவினர் ஒருவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தால் குடும்பத்தில் எத்தனை வாதம் எழுகின்றது! பல்லாயிரம் பேருக்கு வேலையளிக்கும் நிறுவனம் நொடித்துப்போய், அரசிடம் அதே கையெழுத்தைக் கேட்டால்? அக்கையெழுத்துக்குப் பொறுப்பாளிகள் வரி செலுத்தும் மக்களே அன்றோ? அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனத்தின் வரலாறு இதை நமக்கு நன்கு விளக்குகின்றது.

1979-இல் பெட்ரோல் விலை ஏறியது. மக்கள் சிறிய கார்களை நாடினர். கிறைஸ்லரின் பெரிய கார்களோ விற்பனையின்றித் தேங்கின. நிறுவனத் தலைவர் லீ அயகோக்கா அரசின் உதவியை நாடினார். செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் போன்றோர் கடுமையாக எதிர்த்தனர். சிறு வணிகன் நொடித்தால் எவரும் திரும்பிப் பாராதபோது, பெருநிறுவனத்துக்கு மட்டும் சலுகை ஏன் என்னும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஆலை மூடப்பட்டால் அவ்வூரே கண்ணீர் வடிக்கும். உதவியின் சுமையோ நாடெங்கும் சிதறிக் கண்ணுக்குத் தெரியாமற் போகும். வாக்கை நாடும் அரசியலார் எப்பக்கம் சாய்வர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1980 சனவரி 7 அன்று அதிபர் கார்ட்டர் சட்டத்தில் ஒப்பமிட்டார். 150 கோடி டாலர் வரை கடனுக்கு அரசு பொறுப்பேற்றது. ஆனால் ஒரு நிபந்தனை: வங்கிகள், உதிரிப்பொருள் தருவோர், நிர்வாகம், தொழிலாளர் ஆகிய அனைவரும் விட்டுக்கொடுக்க வேண்டும். அயகோக்கா ஓராண்டுக்கு ஒரு டாலரே ஊதியம் பெற்றார். தொழிலாளரும் ஊதியத்தில் விட்டுக்கொடுத்தனர். அவர்தம் சங்கத் தலைவர் டக்ளஸ் பிரேசருக்கு இயக்குநர் குழுவில் இடம் கிட்டியது. 1983-இல், தவணைக்கு ஏழாண்டுகள் முன்னதாகவே கடன் தீர்ந்தது; அரசுக்கு ஆதாயமும் கிட்டியது. எனினும் இதற்கிடையே ஆலைகள் சில மூடப்பட்டன. பல்லாயிரம் பேர் வேலையிழந்தனர். அவர்களை வெற்றிக் கதைகள் நினைப்பதில்லை.

2008-இல் வந்த நிதி நெருக்கடி வேறொரு காட்சியைத் தந்தது. 70,000 கோடி டாலர் உதவித் திட்டத்தைப் பிரதிநிதிகள் சபை செப்டம்பர் 29 அன்று 228-க்கு 205 என்ற கணக்கில் நிராகரித்தது. பங்குச் சந்தை சரியவே, அக்டோபர் 3 அன்று ஏற்றுக்கொண்டது. அரசு காப்பாற்றிய ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனம், பெருநட்டம் விளைவித்த பிரிவினருக்கே 16.5 கோடி டாலர் போனஸ் வழங்கிய செய்தி 2009 மார்ச்சில் வெளியானபோது மக்கள் கொதித்தெழுந்தனர். கிறைஸ்லரும் மீண்டும் கையேந்தியது. அவ்வாண்டு ஏப்ரலில் திவால் நீதிமன்றம் சென்றது. இம்முறை அரசுக்கு மிஞ்சியது 100 கோடி டாலருக்கு மேற்பட்ட நட்டமே.

விழுந்தவரைத் தூக்குவது தவறாகாது. இலாபம் வந்தபோது அது உரிமையாளருக்கு. நட்டம் வந்தபோது அது ஊருக்கு என்பதே அநீதி. எனவே இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, 'உதவலாமா, கூடாதா?' என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. உதவி பெறுவோர் எதை விட்டுக்கொடுக்கின்றனர்? மேலிருப்போர் முதலில் விட்டுக்கொடுக்கின்றனரா? வேலையிழப்போரின் குடும்பங்களுக்கு என்ன வழி? இவற்றையும் கேட்போம். பணம் நம்முடையது, கேட்கும் உரிமையும் நம்முடையதே.