ஆணுக்கு நேர்ந்தால் அதற்குப் பெயர் என்ன?

"ஆம்புளப் புள்ளக்கி என்ன நடக்கப் போகுது?" நம் வீடுகளில் சாதாரணமாக விழும் பேச்சு இது. இலங்கைச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பேசுகிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவுப்படி, வன்புணர்ச்சி என்பது ஓர் ஆண் ஒரு பெண்ணுக்கு இழைப்பது மட்டுமே. பாதிக்கப்பட்ட ஆணுக்கு அந்தச் சொல் கிடையாது.

அதற்காக வழியே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1995இன் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 365ஆ பிரிவைச் சேர்த்தது. 'பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம்' என்பது அதன் பெயர். பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. 20 ஆண்டுவரை சிறை உண்டு. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சிக்கல் பக்கத்துப் பிரிவுகளில் இருக்கிறது. 365, 365அ இரண்டும் ஆண்களுக்கிடையிலான உறவை, இருவரும் சம்மதித்திருந்தாலும், குற்றமாக்குகின்றன. ஆகவே பொலிஸுக்குப் போக நினைக்கும் வாலிபனுக்கு வெட்கம் மட்டுமல்ல, இன்னொரு பயமும் உண்டு. "நீயும் சேர்ந்துதானே?" என்று கேட்டுவிட்டால்? முறைப்பாடு செய்யப் போனவனே சந்தேகநபராகிவிடலாம். சம்மதமில்லாமல் நடந்ததற்கு அவன் குற்றவாளியல்லதான். ஆனால் அதை முதலில் வீட்டார் நம்ப வேண்டுமே! "ஏன் கத்தல்ல?" என்றுதான் வாப்பாவே கேட்பார். பயத்தில் உடம்பு விறைத்துப் போவதுண்டு என்பது அவருக்குத் தெரியாது. இந்த விசாரணை முடிவதற்குள் உடுப்பைக் கழுவிவிடுகிறார்கள். சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பதற்கு மிகக் குறைவே மிஞ்சுகிறது.