சண்டைமீனின் சௌக்கியம்

சென்னைக் கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில், கைக்கு அடக்கமான சிறு போத்தல்களில் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டு, பக்கத்துப் போத்தலில் இருப்பவனைப் பார்த்துவிடாதபடி நடுவே அட்டையும் செருகப்பட்டு, நீலமும் சிவப்புமாக நீண்ட துடுப்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் ‘ஃபைட்டர்’ மீனைப் பார்த்திராதவர்கள் குறைவு. விலை மலிவு, இடத்தை அடைக்காது, காற்றுக்குழாய் வேண்டாம், நாலு நாள் மறந்து போனாலும் சாகாது என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் அதை நம்பி, மேஜையின் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து, அதில் அந்த ஜீவனை விட்டுவிட்டு நிம்மதியடைகிறார்கள். சொன்னதெல்லாம் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் ஒரு பிராணி எதைத் தாங்கிக்கொள்ளும் என்பது ஒரு கேள்வி. எதில் அது சௌக்கியமாக இருக்கும் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்வியின் விடையையே இரண்டாவதற்கும் விடையாக நாம் வைத்துக்கொண்டதுதான் இந்த மீனுக்கு நேர்ந்த துர்ப்பாக்கியம்.

தாய்லாந்தில் சாவ் பிரயா நதி பாயும் சமவெளியே இதன் ஜன்மபூமி. நெல்வயல்களிலும் வாய்க்கால்களிலும் புல் மண்டிய சதுப்புகளிலும் வாழும் அந்த ஆதி மீன், நம் கடைகளில் காண்பதைப் போன்ற ஆடம்பரம் இல்லாதது. குறுகிய துடுப்பும் மங்கிய பழுப்பு மேனியும் கொண்டு, ஆவேசம் வரும்போது மட்டும் வர்ணம் ஜொலிக்கிற சாமானிய உருவம். அந்நாளில் சயாம் எனப்பட்ட அந்தத் தேசத்து ஜனங்கள் அதைப் பிடித்து வளர்த்துப் பந்தயம் கட்டிப் பொருத விட்டார்கள். வென்றவற்றின் சந்ததிகளையே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததால் சண்டைக்குணமும் தலைமுறைக்குத் தலைமுறை ஏறிற்று. இயற்கையில் இரண்டு ஆண் மீன்கள் எதிர்ப்பட்டால் சற்று நேரம் வீம்பு காட்டிவிட்டு, தோற்றது செடிகளுக்கிடையே ஓடி ஒளிந்துகொள்ள விவகாரம் தீர்ந்துவிடும். ஓட இடமில்லாத தொட்டியில்தான் அது மரணத்தில் முடிகிறது. 1910-ல் ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் டேட் ரீகன் இதற்கு ‘பெட்டா ஸ்ப்லெண்டென்ஸ்’ என்ற சாஸ்திரப் பெயரைச் சூட்டினார். வர்ணத்துக்காகவும் துடுப்பின் அழகுக்காகவும் பின்னர் வளர்க்கப்பட்ட ‘ஹாஃப்மூன்’, ‘கிரவுன்டெயில்’ முதலிய ரகங்கள் இன்று உலகமெங்கும் பரவியிருக்கின்றன. 2019-ல் தாய்லாந்து அரசாங்கம் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகப் பிரகடனம் செய்தது.

காற்றுக்குழாய் இல்லாமலே இது பிழைத்திருப்பதன் ரகசியம், செவுள்களுக்கு மேலே தலைக்குள் மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கும் ‘லேபிரிந்த்’ என்ற உறுப்பில் இருக்கிறது. மீன் மேலே வந்து வாயால் ஒரு மடக்குக் காற்றை வாங்கினால், ரத்தம் நிறைந்த அந்த மடிப்புகள் அதிலுள்ள பிராணவாயுவை நேரே கிரகித்துக்கொள்ளும். நம் ஊர்க் குளங்களில் உள்ள பனையேறிக் கெண்டையும் இதே உறுப்பால் காற்றைச் சுவாசித்துக்கொண்டு தரையில் தவழ்வதுதான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி வாழ்ந்த காலத்தில், டால்டார்ஃப் என்ற அதிகாரி, குளத்தங்கரைப் பனையொன்றின் பட்டையிடுக்கில் அந்தக் கெண்டையைக் கண்டதாக எழுதிவைத்த குறிப்பு பிராணி சாஸ்திரத்தில் பிரசித்தமானது. இந்த உறுப்பு இருப்பதால், வீட்டுத் தொட்டியில் ஃபைட்டர் அடிக்கடி மேலே வந்து வாய் திறந்துவிட்டுப் போவதைக் கண்டு மூச்சுத் திணறுகிறதோ என்று பதறவேண்டியதில்லை. அது அதன் ஸ்வபாவம். மேலே வர வழியில்லாமல் தடுத்துவிட்டால்தான், மீனாயிருந்தும் அது நீரிலேயே மூச்சடைத்து இறந்துபோகும்.

ஆனால் இந்த உறுப்பு பிராணவாயுவை வாங்கித் தருமேயல்லாமல், அழுக்கு நீரின் விஷத்திலிருந்து மீனைக் காப்பாற்றாது. மீனின் கழிவிலிருந்தும் அது தின்னாமல் விட்ட இரை அழுகுவதிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருள் செவுள்களைச் சுட்டுப் புண்ணாக்குகிறது. நெல்வயலின் நீர் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும் என்றாலும், அது பல காணி நிலத்தில் பரந்து கிடப்பது, வெயிலால் வெதுவெதுப்பாவது, செடிகளால் சுத்தமாவது. ஆழம் குறைந்த நீரில் வாழ்கிறது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, அந்த விஸ்தீரணத்தை மறந்துவிட்டு அரை லிட்டர் கிண்ணத்தில் அதை அடைப்பவர்கள், வயலின் குறைகளை எல்லாம் கொடுத்து அதன் வசதிகளில் ஒன்றைக்கூடக் கொடுக்காதவர்கள்.

இனி அதன் நடத்தைகளைப் பார்ப்போம். புதிதாக வளர்ப்பவரைத் திகைக்கவைக்கும் பல செய்கைகள் உண்மையில் ஆரோக்கியத்தின் லட்சணங்களே. கண்ணாடியில் தன் பிரதிபிம்பத்தைக் கண்டதும், செவுள் மூடிகள் இரண்டும் முன்பக்கமாக விரிந்து, அவற்றின் அடியிலிருக்கும் கறுத்த சவ்வு தாடிபோல வெளியே புடைத்து, துடுப்புகளெல்லாம் விறைத்து, உடல் முன்னைவிட இருமடங்கு பெரிதாகத் தோன்ற மீன் பக்கவாட்டில் திரும்பி நின்று தன் முழு அளவையும் எதிரிக்குக் காட்டும். எப்பொழுதோ ஒரு தரம் ஓரிரு நிமிஷங்கள் இப்படி நடந்தால் கெடுதலில்லை. வேடிக்கைக்காகக் கண்ணாடியை நாள் முழுவதும் எதிரே வைத்திருந்தால் அது ஹிம்சை. இலையின்மேல் படுத்துக் கிடப்பதும், இரவில் அடிமணலில் ஒருக்களித்து அசையாமலிருப்பதும் ஓய்வுதான். இமையில்லாத கண்கள் திறந்தே இருப்பதால் நமக்கு அது தூக்கமாகத் தெரிவதில்லை. நீரின் மேற்பரப்பில் பிசுபிசுப்பான நுரைக்குமிழிகளைச் சேர்த்து வைப்பதும், பெண் மீன் அருகில் இல்லாதபோதும் ஆண் மீன் செய்யும் காரியமே. அதை அழுக்கு என்று நினைத்து வழித்து எறிந்துவிட வேண்டாம்.

அந்த நுரைதான் குஞ்சுகளின் தொட்டில். ஆண் மீன் வளைந்து பெண்ணின் உடலைத் தழுவும்போது முட்டைகள் உதிர்ந்து நீரில் அமிழத் தொடங்கும். தழுவல் விட்டதும் ஆண் விரைந்து கீழே சென்று, விழுகின்ற முட்டைகளை வாயில் கவ்வி மேலே கொண்டுவந்து, குமிழிகளுக்கிடையே ஒவ்வொன்றாக உமிழ்ந்து வைக்கும். காரியம் முடிந்ததும் பெண்ணை விரட்டிவிடும். வளர்ப்பவர் உடனே அதை வேறு தொட்டிக்கு மாற்றாவிட்டால் அது உயிர் பிழைப்பதே கஷ்டம். ஒன்றிரண்டு நாட்களில் குஞ்சுகள் பொரிந்து, வால் கீழே தொங்க நுரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். நழுவி விழும் குஞ்சைத் தகப்பன் மறுபடியும் வாயில் எடுத்து வந்து சேர்க்கும். சண்டைக்காரன் என்று நாம் பெயர் வைத்த ஜீவன் ஊண் உறக்கம் மறந்து இந்தச் சிசுக்களைக் காக்கும் சிரத்தையைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பெயர் அதன் குணத்தில் பாதியைத்தான் சொல்கிறது என்று புரியும்.

நோயின் குறிகள் முன்பு சொன்ன ஆரோக்கிய லட்சணங்களுக்கு நேர்மாறானவை. துடுப்புகளை எந்நேரமும் உடலோடு ஒட்டி மடக்கி வைத்திருப்பது, இரையைக் கண்டும் அருகில் வராதது, வர்ணம் வெளிறிப்போவது, துடுப்பின் ஓரம் கறுத்தும் கிழிந்தும் அரித்துக்கொண்டே வருவது, மேனியில் உப்புத்தூள் தெளித்ததுபோன்ற வெண்புள்ளிகள், வயிறு வீங்கிச் செதில்கள் சிலிர்த்து நிற்பது—இவற்றில் ஏதேனும் கண்டால் மருந்துப் புட்டியைத் தேடுவதற்கு முன் நீரைத்தான் பரிசோதிக்க வேண்டும். அநேக வியாதிகளின் மூலம் அங்கேதான் இருக்கிறது. கடைசியாகச் சொன்ன செதில் சிலிர்ப்பு வந்துவிட்டால் குணமாவது அரிது.

பராமரிப்பில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. குறைந்தது பத்து லிட்டர், இயன்றால் இருபது லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி, அதில் ஓரிரு செடிகள், நீரோட்டம் மெதுவாக இருக்கும்படியான ஸ்பாஞ்ச் ஃபில்டர். நீண்ட துடுப்புள்ள மீன் வேகமான ஓட்டத்தில் களைத்துப்போகும். தாவும் குணமுள்ளதால் மூடியும் அவசியம். மூடிக்கும் நீருக்கும் நடுவே தங்கும் வெதுவெதுப்பான காற்றுதான் அது சுவாசிப்பது. நீரின் உஷ்ணம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். நம் சமவெளி ஊர்களில் அது தானாகவே கிடைக்கும் என்றாலும், மலைவாசஸ்தலங்களிலும் இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறைகளிலும் ஹீட்டர் இல்லாமல் முடியாது. குழாய்நீரில் இருக்கும் குளோரினுக்குக் கடைகளில் ‘ஆன்டி-குளோரின்’ சொட்டுமருந்து கிடைக்கிறது. வாரம் ஒருமுறை நீரில் நாலில் ஒரு பங்கை மட்டும் மாற்றினால் போதும். தொட்டியை முழுவதும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுகிறவர்கள், அம்மோனியாவைச் சாதுவாக்கித் தரும் நுண்ணுயிர்களையும் சேர்த்தே சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். தெருவோரத்து நாட்டுவாதுமை மரத்திலிருந்து தானாக உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டால், நீர் தேநீர் நிறமடைந்து சற்றே அமிலத்தன்மை பெறும்; இந்த மீனை வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் வழக்கம் இது.

இரை விஷயத்தில் இது பூச்சிகளைத் தின்னும் ஜாதி. மேல்நோக்கித் திறந்திருக்கும் வாயே அதற்குச் சாட்சி. ஃபைட்டருக்கென்று விற்கும் சிறு குருணைகளில் காலையில் இரண்டு மூன்று, மாலையில் இரண்டு மூன்று. இடையிடையே கொசுப்புழுவோ ஆர்ட்டீமியா என்ற சிறு இறால்வகையோ கொடுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் உபவாசம் இருந்தால் ஒரு கெடுதலும் வராது. சோற்றுப் பருக்கையும் ரொட்டித் துணுக்கும் அதன் உணவல்ல.

இவ்வளவையும் செய்தாலும் இந்த மீனின் ஆயுள் சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வருஷங்கள்தான். அந்தச் சிறு வாழ்நாளைச் சிறு கிண்ணத்தில் கழிக்க வைப்பதும், செடியும் இடமும் உள்ள தொட்டியில் கழிக்க வைப்பதும் வாங்குகிறவர் கையில் இருக்கிறது. ஆகையால் கடைக்குப் போகிறவர்கள் முதலில் தொட்டியை வாங்கி, நீர் நிரப்பி, ஃபில்டரைச் சில வாரங்கள் ஓடவிட்டு நீரைப் பக்குவப்படுத்திவிட்டு, அதன் பிறகு மீனை வாங்க வேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் அந்த மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது உத்தமம்.